நாலு வண்டிக்கு, ஆறு நாற்காலிக்கு

ஜூன் 4

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடித்தேன். நான் நலமாக இல்லை. உன் நலத்தை அறிய ஆவலும் இல்லை. காரியமாக எழுதுகிறேன்.

ஒரு வண்டியை இறக்க வேண்டும், அதாவது உயரத்தைக் குறைக்க வேண்டும். என் வண்டிதான். பத்து சென்டிமீட்டர். தினமும் ஓடும் வண்டி. பந்தயத்துக்கோ, படம் எடுத்துப் பெருமையடிக்கவோ இல்லை. எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் என்று எழுதி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பயிற்சி நிலையத்தின் வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். உள்ளே புள்ளிக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் அழுகை வருகிறது என்று என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். (அழுவது அவள் இல்லை. நான்.)

உனக்கு அவளைத் தெரியாது. பிறந்தபோது ஒன்றேகால் கிலோ. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி மாதிரி கிடந்தாள், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இப்போது ஆறு வயது, பதினெட்டு கிலோ. வாயை மட்டும் எடை போட்டால் எண்பது கிலோ வரும். நடக்க மாட்டாள். ஏப்ரலில் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. தொடைகள் சேராமலிருக்க நடுவில் ஒரு சட்டம் மாட்டியிருக்கிறார்கள். அவளைத் தூக்குவது குழந்தையைத் தூக்குவது மாதிரி இல்லை, ஏணியைத் தூக்குவது மாதிரி இருக்கிறது. தினமும் பயிற்சி, மூன்று மாதம். விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும், மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், எஞ்சின் அறையில். திரும்ப அக்டோபர் ஆகும். வாடகை வண்டிக்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஆக, நான்தான். நாற்காலியிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து நாற்காலிக்கு, ஒரு நாளைக்கு நாலு தடவை. என் இடுப்பு போய்விட்டது. தூக்கவே கூடாது என்று எனக்கும் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை என்ன செய்வது, அதுவா வந்து தூக்கும்?

ஆஸ்பத்திரியில் வழவழப்பான ஒரு பலகை கொடுத்தார்கள். நாற்காலியும் வண்டி இருக்கையும் ஒரே மட்டத்தில் இருந்தால் பலகையை நடுவில் போட்டு அவளைத் தூக்காமல் நகர்த்தியே உள்ளே ஏற்றிவிடலாம். என் வண்டி இருக்கை நாற்காலியைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரம். பலகை மலையேறும் பாதை மாதிரி நிற்கிறது. உயரமான வண்டிதான் வேண்டும் என்று அன்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறான். எந்த வேலை சொன்னாலும் "ஒரு மணி நேரம்க்கா" என்பான், அவன் பெயரே 'ஒருமணி' ஆகிவிட்டது. ஸ்பிரிங்கை இரண்டு சுற்று அறுத்தால் தீர்ந்தது என்கிறான். நீ அன்று செய்த அதே வேலை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அத்தையிடம் உன் விலாசம் வாங்கினேன். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் பேச முடியாது.

— நான்

ஜூன் 8

வாலுவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஆறு வருஷத்தில் உன்னிடமிருந்து வேறு எதற்குக் கடிதம் வரும்?

என்னால் முடியாது.

நான் இப்போது லாரிப் பட்டறையில் இருக்கிறேன். பட்டை ஸ்பிரிங் கட்டுவது, உடைந்ததை மாற்றுவது. தொங்கிப்போனதைத் தூக்கி நிறுத்துவதுதான் வேலை. இறக்கும் வேலை எதையும் தொடுவதில்லை என்று ஒரு சத்தியம். இங்கே பையன்கள் கெஞ்சுவார்கள், "அண்ணே, ரெண்டு இன்ச் மட்டும்ணே" என்று. ஓடிப் போ என்பேன்.

உன் ஊரில் நல்ல பட்டறை இருக்கும். விசாரி.

ஆனால் அறுக்காதே. அறுக்க மட்டும் விடாதே.

கீழே என் போன் நம்பர் இருக்கிறது. நீ கூப்பிட வேண்டாம், இருக்கட்டும்.

— அண்ணன்

எண்பது கிலோ வாய் என்றாயே, அது யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 12

அண்ணனுக்கு,

சத்தியமா? உன் சத்தியத்தைக் கொண்டுபோய் உன் லாரிக்கடியில் வை. சத்தியம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்க உனக்கு ஒரு இடம் இருக்கிறது. நான் காலையில் எட்டேகாலுக்கு அவளை வண்டியில் ஏற்ற வேண்டும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் முதல் தேதி அவளைக் கீழே போட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில். பாதி தூக்கியாகிவிட்டது. இடுப்பில் கத்தி இறங்கின மாதிரி ஒரு வெட்டு, கை என்னுடையதாக இல்லை. அவள் வண்டியின் படியில் பட்டு, சரிந்து, என் கால்மேல் விழுந்தாள். என் கால் நடுவில் இல்லாவிட்டால் இடுப்பு நேராகத் தரையில் பட்டிருக்கும். அவள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்குக் கை வழுக்கிடுச்சு, அவ்வளவுதான். பரவால்ல, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"ங்கிறாள். ஆறு வயசு, அண்ணா. அவள் என்னைத் தேற்றுகிறாள்.

படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. "எப்படி இந்தக் காயம்?" என்று பயிற்சி தரும் அம்மா கேட்டார். தூக்கத்தில் கட்டிலில் இடித்துக்கொண்டாள் என்றேன். புள்ளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் மகளுக்குப் பொய்க்குத் துணைபோகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

நல்ல பட்டறை விசாரிக்கச் சொல்கிறாய். விசாரித்தேன். ஒருவர் காற்றுப் பை மாட்டலாம் என்கிறார், பொத்தானை அழுத்தினால் வண்டி யானை மாதிரி மண்டியிடுமாம். இன்னொருவர் திருகி ஏற்றி இறக்கும் செட் என்கிறார். மூன்றாவது ஆள் கட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதும், பழைய ஷாக்கே தாங்கும் என்கிறார். ஆளுக்கு ஒரு மதம். நான் கணிதம் படித்தவள், இதில் எதை நம்புவது என்று தெரியவில்லை. ஒவ்வொருவரிடமும் தலையாட்டிவிட்டு வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுகிறேன்.

வண்டியின் மாடலைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அளந்தும் அனுப்புகிறேன். தரையிலிருந்து பின் இருக்கை 64.5. நாற்காலி, மெத்தையோடு 54.5. சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே தகட்டின் விளிம்பு வரை 43.5. எல்லாம் சென்டிமீட்டர்.

ஒருமணியிடம் ஜூன் 22 காலை பத்து மணி என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீ வேறு வழி சொன்னால் சரி. இல்லாவிட்டால் அறுப்பான்.

— நான்

ஜூன் 16

வாலு,

உன் கடிதத்தைப் பட்டறைக் குழிக்குள் நின்று படித்தேன். மேலே முதலாளி "என்னப்பா, தூங்கிட்டியா?" என்று கத்தினார். தலைக்கு மேலே ஒரு லாரி நின்றது, அதுவே என்மேல் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சத்தியத்தை நீ சொன்ன இடத்திலேயே வைத்துவிட்டேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நீ வைத்திருப்பது தையல் டேப். அதன் நுனியில் ஒரு அங்குலம் இல்லை. பந்தயம். ஏனென்றால் உன் வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே அந்தச் சக்கர அளவு 41தான். எந்த வண்டியும் வயசாக ஆக உயரமாவதில்லை, மனுஷன் மாதிரிதான், தொங்கத்தான் செய்யும். எல்லா அளவிலும் இரண்டரை கழி. வித்தியாசம் பத்து பத்தாகவே நிற்கும், கவலைப்படாதே.

இப்போது ஆளுக்கொரு மதம் என்றாயே, கேள்.

காற்றுப் பை: உனக்கு அதுதான் சொகுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தால் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும், புள்ளி உள்ளே இருப்பாள், நீ தனியாக நிற்பாய். வேண்டாம்.

திருகும் செட்: விளையாட்டுப் பையன்களுக்கு. கல்லு மாதிரி இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையும் அவள் இடுப்பில் போய் முட்டும். வேண்டாம்.

பழைய ஷாக்கில் கட்டை ஸ்பிரிங்: பலபேர் செய்வது இதுதான், முதல் மாதம் நன்றாகவும் இருக்கும். ஆனால் ஷாக்கின் கம்பி அதற்கென்று உள்ள இடத்தில் ஓடாது, அடியிலேயே கிடந்து தடுப்பு ரப்பரை முட்டிக்கொண்டிருக்கும். பிறகு எண்ணெய் கசியும், வண்டி குதிக்க ஆரம்பிக்கும்.

தினமும் ஓடும் வண்டிக்கு ஒரே வழிதான். அந்த மாடலுக்கென்றே செய்த கட்டை ஸ்பிரிங், அதோடு ஜோடியான கட்டை ஷாக், உயரம் குறைத்த தடுப்பு ரப்பர். எல்லாம் ஒரே செட்டாக. ஸ்பிரிங் முதலில் மெதுவாக அமுங்கி, போகப் போக இறுகுகிற ரகம். மாட்டியபின் சக்கரக் கோணம் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டயரை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். இதில் நாலு சென்டிமீட்டர் இறங்கும். அதற்கு மேல் இறக்கினால் உன் வண்டி தெருவைப் பெருக்கிக்கொண்டு போகும்.

நாலுதான். பத்து இல்லை. மீதி ஆறுக்கு யோசிக்கிறேன். எனக்கு ஒன்று சொல்: நாலு தடவையும் ஒரே மாதிரி கஷ்டமா? எங்காவது கொஞ்சம் லேசாக இருக்கிறதா?

இப்போது அறுப்பதைப் பற்றி. ஸ்பிரிங்கின் முனை தட்டையாக வளைந்திருக்கும், அது உட்கார ஒரு குழி இருக்கும். அறுத்தால் அந்த முனை போய்விடும். நேரான ரோட்டில் எடை அழுத்திக்கொண்டே இருப்பதால் சும்மா இருக்கும். சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்துவிடும், தளர்ந்தால் விலகும். மறுபடி எடை வரும்போது தப்பான இடத்தில் உட்காரும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எப்படி இழுக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலத்துக்கு முந்தின திருப்பத்தில் அந்த நொடி ஸ்டியரிங் உன் கையில்தான் இருந்தது.

நான் ஓட்டினேன் என்று எல்லோரிடமும் சொன்னது சொன்னதுதான். அதை மாற்றப் போவதில்லை. ஆனால் உன் கைக்கு அந்த இழுப்பு ஞாபகம் இருக்கும். 22ஆம் தேதி அந்தக் கையிடம் கேட்டுப் பார்.

போகாதே.

— அண்ணன்

ஜூன் 21

அண்ணா,

ஏன் எழுதினாய்? ஆறு வருஷமாக யாரும் எழுத்தில் வைக்காத ஒன்று. கடிதத்தை எங்கே ஒளிப்பது என்று வீடு முழுக்கச் சுற்றினேன். கடைசியில் புள்ளியின் சட்டம் வந்த அட்டைப்பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியை நான் மட்டும்தான் திறப்பேன்.

நான்தான் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவை, பாலம் வரைக்கும், நான் ஓட்டுறேன்." ஏழு மாதம், வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது, அதற்கும் சிரித்தோம். அந்த இழுப்பு என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. தினமும் ஞாபகம் இருக்கிறது. பயிற்சி நிலையத்துக்கு இருபது நிமிடத்துப் பாதை, எனக்கு நாற்பது ஆகும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தே என்னை வளர்த்துவிட்டார்கள்.

அந்த விபத்தால் குறைமாதத்தில் பிறந்தாளா, எப்படியும் அப்படிப் பிறக்க இருந்தவள்தானா என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நானும் நேராகக் கேட்டதில்லை. கேட்டால், யார் ஓட்டியது என்ற கேள்வி வரும்.

அந்த வண்டியின் ஸ்பிரிங்கை நீ அறுத்தாய். அதற்காக உன்னை வெறுத்தேன், அது நியாயம். ஆனால் ஓட்டியதும் நீதான் என்று நீ சொன்னாய் பார், அதை மன்னிக்க முடியவில்லை. "உன் அண்ணன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பழியை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டதால் அதை இறக்கிவைக்க எனக்கு ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. உன்மேல் கோபப்படுவது மட்டும்தான் மிஞ்சியது. அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

டேப்பைப் பார்த்தேன். 1 என்ற எண்ணே இல்லை. புள்ளி, பல் முளைத்த புதிதில் கடித்துத் துப்பினது. உன் பந்தயம் ஜெயித்தது, சந்தோஷப்படு.

நீ கேட்டதற்குப் பதில்: பயிற்சி நிலைய வாசலில் லேசு. அங்கே தூக்குவதில்லை. பலகையைப் போட்டு, இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுகிறாள். அங்கே ஆள் உதவிக்கு இருப்பதால் மனசுக்குத் தெம்பு, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டு வாசலில்தான் சாவு.

நேற்றும் நழுவினாள். பிடித்துவிட்டேன். ஆனால் அதன்பிறகு என்னால் குனிய முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். உன் செட் வர எத்தனை நாள் ஆகும்? வந்தாலும் நாலுதானே? அறுத்தால் பத்து இறங்கும் என்கிறான் ஒருமணி. தெரியும், தெரியும். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். நாளை பத்து மணிக்குப் போகிறேன். என்னைத் திட்டாதே. எனக்கு வேறு

ஜூன் 22, மதியம்

நேற்று எழுதியதை முடிக்கவில்லை. இதிலேயே தொடர்கிறேன்.

போனேன். புள்ளியை மாடி வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். ஒருமணி பின் சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, தரையில் நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டான். அறுக்கும் மெஷினைக் கையில் எடுத்தான்.

"நல்லாப் பாத்துக்கங்கக்கா, ரெண்டு சுத்து. டீ குடிச்சிட்டு வாங்க, வண்டி தரையில படுத்திருக்கும்."

"அறுத்த முனை எதுல போய் உக்காரும்?"

"உக்காரும்க்கா. அதுக்கு என்ன, நாற்காலியா போட முடியும்?"

"சக்கரம் பள்ளத்துல தொங்கினா?"

"பள்ளத்துல ஏங்க்கா விடுறீங்க?"

மெஷினை ஓடவிட்டான். அந்தச் சத்தம். என் இரண்டு கையும் தானாக இடது பக்கம் திரும்புகிற ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி எழும்பிவிட்டன, அண்ணா. வெறும் காற்றில். அவன் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறான்.

"வெச்சிடு" என்றேன். "இருந்த மாதிரியே மாட்டிடு."

"அக்கா, காலைலேருந்து இதுக்காகத்தான் குந்தியிருக்கேன்."

"மாட்டிடு தம்பி. ஒரு மணி நேரம்தானே."

முறைத்துக்கொண்டே மாட்டினான். வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டி இருந்த உயரத்திலேயே நிற்கிறது. நானும் இருந்த இடத்திலேயே. நேற்றும் இன்றும் பயிற்சிக்குப் போகவில்லை. நாளையும் போக முடியாது. "இன்னிக்கு லீவா?" என்று புள்ளி சந்தோஷமாகக் கேட்கிறாள். லீவு என்றேன். சமையலறையில் போய் நின்றுகொண்டேன். அவள் இடுப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது சொல். எதுவானாலும் சொல்.

— வாலு

ஜூன் 24

வாலு,

தபாலை நம்பவில்லை. உன் ஊருக்கு வரும் பஸ் டிரைவர் எனக்குத் தெரிந்தவர், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எழுதும்போதே பஸ் கிளம்பப் பார்க்கிறது, அவர் ஹாரன் அடிக்கிறார். உனக்கு அது பழக்கம், எனக்கு இல்லை.

அறுக்கவில்லை. அது போதும். மற்றதெல்லாம் இனி கணக்கு. நீ கணிதம் படித்தவள்.

பயிற்சி நிலையத்தில் லேசாக இருப்பது ஆள் தெம்பால் இல்லை. அங்கே நாற்காலி நடைபாதைமேல் நிற்கிறது, வண்டி ரோட்டில் நிற்கிறது. நடைபாதை ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டர் இருக்கும், நல்ல டேப்பால் அளந்து பார். பத்தில் ஆறு போனால் நாலு. நாலு சென்டிமீட்டரை உன்னால் தூக்காமல் சமாளிக்க முடிகிறது. நீயே தினமும் நிரூபித்திருக்கிறாய்.

அந்த நடைபாதையை உன் வாசலில் கட்டு. தச்சரிடம் சொல்: ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடை, நாற்காலி முழுசாக நிற்கிற அளவு. ஏறுவதற்கு எழுபத்திரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவு, அதற்குக் குறைந்தால் நாற்காலி பின்னால் சாயும். ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்குக் கட்டை, சக்கரம் வழுக்காமலிருக்க. ஒரே நாள் வேலை. நாளைக்கே செய்யச் சொல். மறுநாளிலிருந்து பயிற்சிக்குப் போகலாம்.

பத்தையும் மேடையாலேயே ஏற்றக் கூடாதா என்று கேட்பாய். பத்துக்கு ஒன்றேகால் மீட்டர் சரிவு வேண்டும், உன் வாசலில் அவ்வளவு இடம் இருந்தால் நீ இத்தனை நாள் அழுதிருக்க மாட்டாய். பத்தையும் வண்டியிலேயே இறக்கினால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆகவே நாலு வண்டிக்கு, ஆறு நாற்காலிக்கு. செட் மாட்டியபின் வீட்டிலும் அங்கேயும் ஒரே மட்டம், பலகை படுத்துக்கொள்ளும்.

செட்டை நான் வாங்கி இதே பஸ்ஸில் அடுத்த வாரம் அனுப்புகிறேன். மாட்டுகிறவனுக்குத் தனித் தாளில் எழுதிவைக்கிறேன். உன் ஒருமணியே மாட்டட்டும், கை மோசமில்லை, அவசரம்தான் மோசம்.

நான் வர மாட்டேன். அந்த வாசப்படி விஷயம் அப்படியே இருக்கட்டும்.

ஓட்டியது நான் என்று ஏன் சொன்னேன் என நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை ஓடி வந்தார். "யாரு ஓட்டினது?" என்றார். நீ உள்ளே இருந்தாய், கதவு மூடியிருந்தது. நான்தான் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அளக்காமல் அறுக்கிறவன் நான், உனக்குத் தெரியுமே. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி இப்போது ஸ்டியரிங் என் கையில் இருந்த மாதிரியேதான் எனக்கு ஞாபகம் வருகிறது. உன் கடிதம் வந்தபிறகுதான் கை காலியாக இருந்தது என்று நினைவு வந்தது.

ஹாரன்.

— அண்ணன்

ஜூலை 3

அண்ணா,

இதுவும் வண்டிக்குள்தான் எழுதுகிறேன். உள்ளே பயிற்சி நடக்கிறது. இன்றோடு எட்டு நாள், ஒரு நாள்கூட விடவில்லை.

நடைபாதை ஆறு. சரியாக ஆறு. புது டேப்.

தச்சர் மேடையைச் செய்து கொண்டுவந்து போட்டதும் புள்ளி, "இது மேடையா? அப்ப நான் ஏறிப் பேசட்டுமா?" என்றாள். பத்து நிமிடம் பேசினாள். தச்சர் கைதட்டினார். பிறகு பலகையைப் போட்டு, பட்டையைப் பிடித்து இழுத்தேன். வந்தாள். நான் தூக்கவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு வண்டியின் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். "அம்மா, சீக்கிரம்! நேரமாச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தல்.

பயிற்சி தரும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், கட்டிலில் இடிக்கவில்லை என்று. ஐந்து நாள் விட்டதில் கொஞ்சம் இறுகியிருக்கிறது, மீட்டுவிடலாம் என்றார். மீட்டுவிடலாம் என்றால் மீளுமா, மீளலாமா? வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை. அது என் குணம்.

செட் வந்தது. நாலு ஸ்பிரிங்கும் நாலு ஷாக்கும் கூடத்தில் வரிசையாக நிற்கின்றன. புள்ளி அவற்றுக்கு வகுப்பு எடுக்கிறாள். ஒரு ஸ்பிரிங் சரியாகப் படிக்காததால் சுவரைப் பார்த்து நிற்கிறது.

உன் தாளை ஒருமணி மூன்று தடவை படித்தான். "ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது இறுக்காதே, நாலு சக்கரமும் தரையில் நின்று எடையைத் தாங்கும்போது இறுக்கு, இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டான். "இது எனக்கு யாருமே சொல்லலக்கா. இத எழுதினவரு பக்கத்துல நின்னா நான் மாட்டுறேன். இல்லன்னா தொட மாட்டேன். அன்னிக்கு நீங்க காத்துல ஸ்டியரிங் பிடிச்சீங்க பாருங்க, அதுலேருந்து எனக்கு உங்க வண்டின்னாலே பயம்" என்றான்.

இதைக் கடைசியில் வைத்தேன், முதலில் எழுதத் தைரியமில்லை. 28ஆம் தேதி அவர் கப்பலிலிருந்து பேசினார். புள்ளி சொல்லி, மேடையைப் பற்றிக் கேட்டார். யார் சொன்னது என்று கேட்டார். உன்னைச் சொன்னேன். அவர் கோபப்பட ஆரம்பிக்கும் முன்னால் மற்றதையும் சொல்லிவிட்டேன். பாலம், திருப்பம், யார் கையில் ஸ்டியரிங் இருந்தது. மறுபக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு "சரி" என்றார். லைன் போய்விட்டது. போனதா, வைத்தாரா தெரியவில்லை. இன்றோடு ஐந்து நாள். போன் வரவில்லை. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் போனைத்தான் முதலில் பார்க்கிறேன். அக்டோபரில் அவர் வந்து எந்த வாசப்படியை யார் மிதிக்கக் கூடாது என்பார் என்று எனக்குத் தெரியாது. அது நானாகவும் இருக்கலாம்.

ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க மாட்டேன். நீயும் இனி எடுத்துக்கொண்டு போகாதே. ஸ்பிரிங் உன்னுடையது, ஸ்டியரிங் என்னுடையது. அவரவருடையதை அவரவர் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் தேதி காலை பஸ்ஸில் வா. வாசப்படி மிதிக்க வேண்டாம் என்றால் மிதிக்காதே, மேடை வெளியேதான் இருக்கிறது. முதலில் ஒருமணி பட்டறை, அங்கே நீ பக்கத்தில் நிற்க வேண்டும். செட் டிக்கியில் இருக்கும். பிறகு இரண்டு வாரம் ஓடி ஸ்பிரிங் அமர்ந்தபின் மறுபடி அளக்க வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதற்கும் நீதான் வர வேண்டும்.

பஸ் நிலையத்துக்கு நான் வருகிறேன். உயரமான வெள்ளை வண்டி. பின் இருக்கையில் புள்ளி இருப்பாள். கேள்விகளை ஒரு தாளில் என்னை எழுதவைத்திருக்கிறாள், முதல் கேள்வி "மாமா, நீங்க ஏன் இவ்ளோ நாளா வரல?" அதற்கு நீ பஸ்ஸிலேயே ஒரு பதில் தயார்செய்துகொள். பொய் வேண்டாம்.

முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார். பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், வேறு பாதை இல்லை. ஓட்டுவது நான். பயமாக இருந்தால் மேலே கைப்பிடி இருக்கிறது, பிடித்துக்கொள். எனக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது.

மணி ஆகிவிட்டது, கதவு திறக்கிறது. அவளை ஏற்ற வேண்டும்.

— வாலு